பட்டறைப் பதில்கள்: பெயின்ட் கடைசி வேலை

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்பவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை நிறத்தைப் பற்றியவை. பிரேக்கைப் பற்றிக் கேட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே வரிசையை என் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டேன். நிறத்தைப் பற்றி எழுதியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: 1970களில் வந்த நான்கு சிலிண்டர் ஜப்பானிய வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். பல ஆண்டுகளாக ஓடாமல் நின்றது. டேங்கையும் பக்க மூடிகளையும் கழற்றிப் பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிட்டேன். அடுத்து என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: அவற்றைத் திரும்ப வாங்கி வாருங்கள். டேங்குக்குள் துரு எடுக்க அமிலம் ஊற்றப் போகிறீர்கள். அது வாய் வழியே வழிந்து புதுப் பெயின்ட்டைத் தின்னும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலே பெயின்ட் கொப்புளித்து உரியும். பழைய கார்புரேட்டர் நான்கும் முதல் நாளில் ஒழுகத்தான் செய்யும். ஸ்பேனர் வழுக்கி டேங்கில் விழுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். பெயின்ட் கடைசி வேலை.

முதல் வேலை, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆவணங்களோடு ஒப்பிடுவது. எண் பொறித்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்த தடமோ, எழுத்துகள் கோணலாக இருப்பதோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் செலவழித்த பிறகு அந்த உண்மை தெரியவருவது பெரிய சங்கடம்.

அடுத்தது புகைப்படம். கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு பகுதியையும் மூன்று கோணங்களில் எடுங்கள். வயர் எந்தப் பக்கம் வளைந்து போகிறது, கேபிள் ஃபோர்க்குக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா, வாஷர் எந்த முகம் வெளியே இருக்கிறது என்பதெல்லாம் இன்று தெளிவாகத் தெரியும். அடுத்த மாதம் சுத்தமாக மறந்திருக்கும். ஒரே மூச்சில் முழு வண்டியையும் பிரித்துவிடாதீர்கள். ஆர்வத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிகளில் போட்டு, பிறகு பெட்டிகளாகவே விற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பகுதியைக் கழற்றி, சரிசெய்து, பூட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

எஞ்சின் கையால் சுழல்கிறது என்றால், கம்ப்ரஷன் பாருங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். மூடி வைத்து அளந்துவிட்டு 'எஞ்சின் போய்விட்டது' என்று அழுதவர்கள் உண்டு. ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். எஞ்சினைத் திறக்காமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

டயரின் பக்கவாட்டையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல் செய்த டயர்களில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டுச் சரக்கு. பட்டன் தேயாமல் அழகாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எஞ்சின் இறுகிவிட்டது. கிக்கரில் ஏறி நின்றாலும் அசையவில்லை. இன்னும் பலமாக மிதிக்கலாமா?

பதில்: வேண்டாம். பூட்டிய கதவைத் தோளால் இடிப்பது போன்ற வேலை அது. கதவுக்குப் பதில் உள்ளேயிருக்கும் கிக்கர் பல்சக்கரம் உடையும். பிறகு அதற்காகவே எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டிவரும்.

நின்று கிடந்த எஞ்சின் இறுகுவதற்கு வழக்கமான காரணம், ஏதோ ஒரு வால்வு திறந்த நிலையில் நின்று, அதன் வழியே ஈரம் புகுந்து, பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதுதான். பிளக்கைக் கழற்றி உள்ளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிடோனும் சம அளவில் கலந்து விடுவதும் நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டும் தாமாகக் கலக்காது, விடுவதற்கு முன்பு குலுக்க வேண்டும்; அசிடோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல். ஊற்றிவிட்டு நாள்கணக்கில் விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் விட்டுக்கொண்டே வாருங்கள். எண்ணெயின் மட்டம் மெல்ல இறங்கினால் நல்ல செய்தி: ரிங்கைத் தாண்டிக் கசிகிறது.

பிறகு கிராங்கின் முனையில் இருக்கும் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆட்டிப் பாருங்கள். போல்ட் கழலும் திசையில் அழுத்தும்போது எஞ்சின் சுழல்கிறதா, போல்ட்தான் கழன்று வருகிறதா என்று கவனியுங்கள். மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பது இன்னொரு வழி. முதல் அசைவு ஒரு நூல் அளவுதான் இருக்கும். கையில் உணரலாம், கண்ணுக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் ஆவேசப்படக் கூடாது. அசைந்த அதே தூரத்தைத் திரும்பத் திரும்ப ஆட்டி, எண்ணெய் விட்டு, தூரத்தை மெல்ல வளர்க்க வேண்டும்.

விடுபட்டதும் ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். துருவின் மேல் ஓடிய ரிங் அந்தச் சுவரை உழுதுவிடும். சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்சுவராக இரும்பு லைனர் உள்ள சிலிண்டர் என்றால் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடலாம். நிக்கசில் என்ற கடினமான நிக்கல் பூச்சு உள்ள சிலிண்டரை அப்படிக் கடைய முடியாது. மறுபூச்சுக்குத்தான் அனுப்ப வேண்டும். எது உங்களுடையது என்பதைச் சிலிண்டருக்குள் காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரும்பு லைனர் பிடிக்கும். அலுமினியத்தின் மேல் பூசிய நிக்கசில் பிடிக்காது.

கேள்வி: எஞ்சின் பக்க மூடியின் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் தலை மழுங்கிவிடுகிறது. நல்ல ஸ்க்ரூ டிரைவர்தான் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து உலோகம் மட்டமா?

பதில்: உலோகத்தின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் டிரைவர் நல்லதுதான், ஆனால் வேறு ஸ்க்ரூவுக்கானது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஃபிலிப்ஸ். ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தரம். பார்வைக்கு இரண்டும் ஒரே கூட்டல் குறி. ஆனால் ஃபிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். பள்ளத்தின் அடிவரை இறங்காது. விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு, பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் தலையைக் கொஞ்சம் சீவிவிட்டு வரும். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு ஓரமாகச் சிறு புள்ளி குத்தியிருக்கும். அது அந்தத் தரத்தின் அடையாளம். ஜே.ஐ.எஸ். டிரைவரை அதில் வைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் உட்காரும். வண்டியைக் குறுக்காகச் சாய்த்தாலும் விழாது என்று தோன்றும்.

அப்படியும் இறுகியிருந்தால் இம்பாக்ட் டிரைவர் வாங்குங்கள். சுத்தியலால் அதன் தலையில் தட்டினால் முனை உள்ளே அழுந்திக்கொண்டே திரும்பும். அதற்கு முன்பு மூடியைச் சூடுபடுத்துங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். மரையின் பிடி தளரும். பேரிங்கைக் கழற்றவும் இதே வித்தைதான்: எஞ்சின் கூட்டைச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் பல பேரிங்குகள் கையாலேயே வந்துவிடும், சுத்தியல் வேண்டாம்.

பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொள்ள வேண்டாம். 1960களின் வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகள் இருக்கும். அவற்றில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு உருட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: டேங்கின் உட்புறம் முழுக்கத் துரு. கழிப்பறை கழுவும் அமிலம் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் பளபளக்கும் என்கிறான் நண்பன்.

பதில்: பளபளக்கும். துருவோடு டேங்கின் தகடும் கரையும். அதன் ஆவி பட்ட உங்கள் ஸ்பேனர்களெல்லாம் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். நண்பரை அவருடைய டேங்கில் ஊற்றச் சொல்லுங்கள்.

வெள்ளை வினிகர் போதும். அல்லது லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர். முதலில் பெட்ரோல் குழாயையும் மிதவை அளவியையும் கழற்றிவிட்டுத் துளைகளை அடையுங்கள். அவை துத்தநாகக் கலப்பில் செய்தவையாக இருந்தால் அமிலத்தில் அரித்துப்போகும். கழன்று வரும் துரு உள்ளே தேங்கினால் சில நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். ஓரிரு நாளில் அதை வெளியே கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் அலசுங்கள். மிச்ச அமிலம் அடங்கும்.

இனிமேல்தான் அவசரம். கழுவிய தகடு ஈரத்தோடு இருந்தால் நிமிடங்களில் செம்மஞ்சளாகப் பூக்கும். டேங்க் முன்பே பெட்ரோல் வாடையின்றிச் சுத்தமாகியிருந்தால் வெப்பக் காற்று விட்டு உலர்த்துங்கள். உலர்ந்த கையோடு டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்கள்.

உள்ளே பூசும் லைனர் வேண்டுமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். ஊசித்துளை இல்லாத டேங்குக்கு வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பல பழைய லைனர்கள் இளகி, தோலாக உரிந்து, கார்புரேட்டரின் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊசித்துளை இருந்தால் பற்றவைக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் பெட்ரோல் இருந்த டேங்கை வீட்டில் பற்றவைக்கவே கூடாது. காலியான டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, வெடிப்பது ஆவி. அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதோடு சேர்த்து ஒன்று: பற்றவைக்கப் போகும் எந்தப் பாகத்தையும் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். பற்றவைப்பின் சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

கேள்வி: என் வண்டியை கஃபே ரேசராக மாற்ற ஆசை. சேஸிஸின் பின்பகுதியை வெட்டி, ஒற்றை சீட், ஃபோர்க் குழாய்களில் தாழ்வாகப் பிடிக்கும் கிளிப்-ஆன் ஹேண்டில்பார், காற்று வடிகட்டும் ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர்கள். படமும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஆசி வேண்டும்.

பதில்: படம் நன்றாக இருக்கிறது. அந்தப் படத்தில் இருக்கும் வண்டி ஓடுகிறதா என்பதுதான் தெரியவில்லை.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்று முதலில் விசாரியுங்கள். 1969இல் வந்த ஹோண்டா சிபி750இன் முதல் கட்ட எஞ்சின்கள் மணல் வார்ப்புத் தோற்றம் கொண்டவை. 1974இன் டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் தொழிற்சாலையிலிருந்தே கிளிப்-ஆனோடும் அரை ஃபேரிங்கோடும் வந்தது. அப்படிப்பட்ட வண்டியில் ரம்பம் வைப்பவருக்கு என் ஆசி கிடையாது. ஆயிரக்கணக்கில் தயாரான சாதாரண மாடல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஒரே நிபந்தனை: செய்தது எதையும் ஒரு வார இறுதியில் பழையபடி மாற்ற முடிய வேண்டும். கழற்றிய சீட்டையும் மட்கார்டையும் துணியில் சுற்றிப் பரணில் போடுங்கள்; விற்காதீர்கள்.

சேஸிஸை வெட்டித்தான் தீர வேண்டுமென்றால், ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடத்துக்கு முன்னால் ரம்பம் போகக் கூடாது. அங்கே குறுக்கே போகும் குழாய் சீட்டைத் தாங்குவதற்காக மட்டும் இல்லை; இரண்டு ஷாக்குகளும் தள்ளும் விசையை வாங்கிக்கொண்டு சேஸிஸ் முறுக்காமல் காப்பதும் அதுதான். அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியை மட்டும் குறைக்கலாம். அப்போதும் உங்கள் நாட்டின் பதிவுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளிப்-ஆன் பொருத்தியதும் எஞ்சினைத் தொடாமல் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். கட்டைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நசுங்குகிறதா? பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? பழைய நீளக் கேபிள் மடிந்து நிற்கிறதா? எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலைத் திருப்பினால் ஐட்லிங் ஏறுகிறது என்றால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதோடு சாலைக்குப் போவது உயிரோடு விளையாடுவது. கால் வைக்கும் பெடலைப் பின்னுக்கு நகர்த்தாமல் கிளிப்-ஆன் மட்டும் போட்டால் உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். பெடலை நகர்த்தினாலோ, டிரம் பிரேக்கின் இழுகம்பி புதிய கோணத்தில் வரும். பிரேக் பிடிக்கும் தருணத்தில் கம்பியும் டிரம்மின் நெம்பும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கும்படி அமையுங்கள். கோணம் கூடிக் குறைந்தால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

இப்போது கூம்பு ஃபில்டர். எனக்குக் கோபம் வருவது இதில்தான். 1970களின் பிற்பகுதி முதல் பல ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் வேக்குவம் கார்புரேட்டர் வந்தது. அதில் உங்கள் கை திறப்பது பட்டாம்பூச்சித் தகட்டை மட்டும்தான். காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குவது ரப்பர் டயஃப்ரமின் மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம். அந்தக் கணக்கு ஏர் பாக்ஸின் அமைதியான காற்றையும் அதன் அளவான தடையையும் நம்பிப் போட்டது. பெட்டியை எடுத்துவிட்டால் எதிர்க்காற்றும் பக்கக் காற்றும் நேரே வாயில் மோதும்; ஸ்லைடு நிலையாக நிற்காது. முழு வேகத்தில் கத்திக்கொண்டு ஓடும் வண்டி, நடு வேகத்தில் விக்கிக்கொண்டு செத்துப்போகும். சில ஃபில்டர்களின் ரப்பர் உதடு கார்புரேட்டர் வாயில் இருக்கும் சிறு காற்றுத் துளைகளையே அடைத்துக்கொள்வதும் உண்டு. பெரிய மெயின் ஜெட் போட்டு, ஊசியை உயர்த்தி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் அந்தப் பெட்டியோடு வண்டி ஓடியதைப் போல ஓட வைப்பீர்கள். அதற்குப் பெட்டியையே விட்டுவைக்கலாம் இல்லையா? கேபிள் நேரடியாக ஸ்லைடைத் தூக்கும் பழைய வகைக் கார்புரேட்டர் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதிலும் ஜெட் மாற்றாமல் முடியாது.

காசைச் செலவழிக்க இடம் தேடுகிறீர்கள் என்றால் சொல்கிறேன்: முன் ஃபோர்க்குக்குப் புது ஸ்பிரிங், நல்ல பின் ஷாக்குகள், எஃகு இழை பின்னிய பிரேக் ஹோஸ், புது டயர். வெளியே தெரியாது, வளைவில் தெரியும்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர். எக்ஸ்பான்ஷன் சேம்பர் வகை சைலன்ஸர் மாட்டியதும் பறந்தது. இரண்டாம் வாரம் இடது பிஸ்டனில் ஓட்டை. மட்டமான பிஸ்டனா?

பதில்: இருக்கலாம், ஆனால் நான் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். அந்தச் சைலன்ஸர் சத்தத்துக்காக மட்டும் வைத்தது அல்ல. வெளியேறிய அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும் கருவி. எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கத் தொடங்கியதும் பழைய மெயின் ஜெட் பெட்ரோலுக்குப் போதாது. கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் தலை உருகும். சைலன்ஸர் மாற்றியவர் ஜெட்டை மாற்றியே ஆக வேண்டும். பெரிய ஜெட்டில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து வர வேண்டும். சிறியதில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு பிஸ்டனைப் பணயம் வைப்பதுதான்.

ஆனால் இடது பக்கம் மட்டும் ஏன்? என் ஊகம் கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். நின்று கிடந்த வண்டியில் சீலின் உதடு விறைத்துப்போய், அந்த ஓரத்தில் கணக்கில் வராத காற்று உள்ளே வரும். வெளிப் பக்கச் சீல் போனால் புகை எதுவும் காட்டாது. ஐட்லிங் தானாக ஏறி ஏறி இறங்கும், அவ்வளவுதான். புது பிஸ்டன் போடுவதற்கு முன்பு உள்வாயையும் வெளிவாயையும் அடைத்து, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்ட் அளவு காற்றழுத்தம் ஏற்றி, சில நிமிடங்கள் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் சோப்பு நீரைத் தடவினால் இடம் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்யாமல் போடும் எந்தப் பிஸ்டனும் இதே வழியில்தான் போகும்.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் விடுவதில்லை. டிஸ்க் சுடுகிறது. டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் பிஸ்டனை வெளியே எடுக்க முடியவில்லை.

பதில்: அப்பாடா, பிரேக்! கேலிப்பரை ஹோஸிலிருந்து இன்னும் கழற்றவில்லை என்றால் கழற்றாதீர்கள். பேடுகளை எடுத்துவிட்டு, பிரேக் லீவரையே மெல்ல அமுக்கி அமுக்கிப் பிஸ்டனை வெளியே தள்ளுங்கள். கழற்றியாகிவிட்டது என்றால் கிரீஸ் பம்பை ஹோஸ் துளையில் பொருத்தித் தள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்று வேண்டாம். பிஸ்டன் குண்டாகப் பாயும், விரல் நடுவில் இருந்தால் போய்விடும்.

பிஸ்டன் வந்ததும் எல்லோரும் அதைப் பளபளக்கத் தேய்ப்பார்கள். பார்க்க வேண்டிய இடம் அது மட்டும் இல்லை. கேலிப்பர் சுவரில் ரப்பர் சீல் உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதன் அடியில் விரல்நகத்தால் தட்டினால் கறுத்த, கரகரப்பான ஒரு படிவம் தட்டுப்படும். அரிப்பும் பழைய பிரேக் ஆயிலும் சேர்ந்து இறுகியது. அது சீலை உள்ளிருந்து பிஸ்டன்மேல் நெருக்கும். புதுச் சீல் போட்டும் பிரேக் இறுகுகிறது என்பவர்கள் இந்தப் பள்ளத்தைச் சுரண்டாதவர்கள். வளைந்த மெல்லிய கொக்கியால், உலோகத்தைக் கீறாமல், பொறுமையாகச் சுரண்டுங்கள். பூட்டும்போது பிரேக் ரப்பருக்கென்றே இருக்கும் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸில் ரப்பர் ஊதிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். அதில் சிறியது ஊசிமுனை அளவுதான். ஆயில் திரும்பும் வழி அது. அடைந்திருந்தால் பிரேக் விடாது. ஆயில் மாற்றும்போது மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதையே விடுங்கள். டாட் 5 சிலிக்கான். இரண்டையும் கலக்கக் கூடாது. டிரம் பிரேக்காரர்களுக்கு: பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்த பிறகு விளக்கு மங்கல், ஹாரன் முனகுகிறது, பேட்டரி இரண்டு நாளில் இறங்குகிறது.

பதில்: பாருங்கள், நிறம் முதலில் வந்ததால் வந்த வினை. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயர் பூட்டும் இடத்தையும் எஞ்சின் தாங்கிகளின் முகத்தையும் மறைத்துப் பூசியிருக்க வேண்டும். இப்போது அந்த இடங்களில் மட்டும் உலோகம் தெரியச் சுரண்டி, எஞ்சினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் வயர் இழுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். எஞ்சினை நிமிடத்துக்கு 4000–5000 சுழற்சியில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைப் பொரித்துக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏறாத வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது, மின்சாரம் தயாரிக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களின் இணைப்பான். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். புது ஸ்டேட்டர் வாங்குவதற்கு முன்பு அதை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எல்லா போல்ட்டையும் குரோம் பூசலாமா? அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

பதில்: மூடிகளுக்கு ஸ்டெயின்லெஸ் சரி, ஆனால் அலுமினிய மரையில் போடும்போது இறுகாமல் காக்கும் பசையைத் தடவுங்கள், இல்லாவிட்டால் இரண்டு உலோகங்களும் அரித்துப் பிணைந்துகொள்ளும். பிரேக், ஆக்ஸில், ஃபோர்க் சம்பந்தப்பட்ட உயர்வலிமை போல்ட்டை குரோம் தொட்டியில் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை பெறும். முன்னறிவிப்பு இல்லாமல் முறியும்.

கேள்வி: கார் எஞ்சின் ஆயில் விட்டேன். கிளட்ச் வழுக்குகிறது.

பதில்: ஆயிலில் நனையும் கிளட்ச். உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஆயில் ஆகாது. டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்ற தர முத்திரை இருப்பதை வாங்கி மாற்றுங்கள். கிளட்ச் தட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டியும் வரலாம்.

கேள்வி: மாமா விட்டுச்சென்ற வண்டி. டேங்கில் அவர் முழங்கால் உரசி உரசிப் பெயின்ட் தேய்ந்த இடம் இருக்கிறது. ஓட்டும் நிலையில் இருக்கிறது. புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: அடிக்காதீர்கள். இத்தனை கடிதங்களில் என்னை மகிழ்வித்தது உங்களுடையது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டை உரித்துவிட்டால், பிறகு எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் அது திரும்பி வராது. அந்த முழங்கால் தேய்மானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். துரு எழும்பும் இடங்களில் மட்டும் தடுப்பு எண்ணெய், மற்ற இடங்களில் மென்மையான கழுவலும் மெழுகும். ரப்பர் ஹோஸ், டயர், பிரேக், கேபிள் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். அவற்றில் பழமையைப் போற்ற வேண்டாம். வீட்டாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. முதல் ஸ்டார்ட். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நல்லதுதான். வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்கைப் பூட்ட வேண்டாம். சிறு பாட்டிலைச் சற்று உயரத்தில் தொங்கவிட்டுக் குழாய் இணைத்தால், கார்புரேட்டர் ஒழுகினாலும் ஒரு கரண்டி பெட்ரோலோடு போகும். ஒழுகும் இடமும் கண்ணெதிரே தெரியும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் மேலே வால்வு வரை ஏறும்வரை எஞ்சினைச் சுழற்றுங்கள். ஆயில் அழுத்த விளக்கு இருந்தால் அது அணைய வேண்டும். இல்லாவிட்டால் டேப்பெட் மூடியைத் திறந்து ஆயில் வந்து நனைத்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிளக்கின் பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட் உள்ள வண்டியில் அதன் இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதே இறுதி.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை முறுக்கி அயலாருக்கு அறிவிக்காதீர்கள். சில நிமிடங்கள் மட்டும் ஓடட்டும். ஒவ்வொரு சைலன்ஸர் குழாயின் அடியிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஆவியாகாத குழாயின் சிலிண்டர் வேலை செய்யவில்லை. நிறுத்தி, முழுக்க ஆற விடுங்கள். ஆறிய பிறகு சிலிண்டர் ஹெட் நட்டுகளைக் கையேட்டின் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிபாருங்கள். கார்புரேட்டர் பலவாக இருந்தால் வேக்குவம் மீட்டர் போட்டு எல்லாவற்றையும் சமன் செய்யுங்கள். அதன் பிறகு முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகச் சோதித்துக்கொண்டே. திரும்பி வந்ததும் எஞ்சின் ஆயிலைச் சூட்டோடு வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பொடி இருந்தால் புது ரிங் படிகிறது, கவலை வேண்டாம். நகத்தில் எடுக்கும் அளவுக்குத் துகள் இருந்தால் ஒரு புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.